கதவைத் தட்டும் விஞ்ஞானம்

மருத்துவரை நாம் அனைவரும் அறிவோம். நோய் வந்ததும் அவரை நாடிச் செல்கிறோம். அவர் தரும் மருந்தால் நலம் பெறுகிறோம். நன்றி கூறி வருகிறோம். ஆனால், நோய் வருமுன்பே நம்மை நாடி வருகின்ற ஒருவரும் உண்டு. அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குவதில்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு கரண்டி, ஓரம் மடங்கிப்போன ஒரு பதிவேடு, இவையே அவருடைய கருவிகள். அவர் வந்தால் நாம் மகிழ்வதில்லை. "இன்று நேரமில்லை, நாளை வாருங்கள்" என்று கதவைச் சாத்துகிறோம். அவரே நகரச் சுகாதார ஆய்வாளர்.

நம் ஊர்ப்பக்கத்தில் 'சுகாதார ஆய்வாளர்' என்ற ஒரே பெயரில் பல வேலைகள் அடங்கிவிடும். டில்லி போன்ற பெருநகரிலோ வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. குப்பையும் சாக்கடையும் சானிட்டரி இன்ஸ்பெக்டரைச் சேர்ந்தவை. கொசு மலேரியா இன்ஸ்பெக்டரைச் சேர்ந்தது. அவருக்குக் கீழே வீடு வீடாகச் சென்று கொசுப்புழு தேடும் பணியாளர்கள் இருக்கின்றனர். பெயர் எதுவாயினும் தொழிலின் சாரம் ஒன்றே: நடந்து சென்று பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எழுதியதன்மேல் நடவடிக்கை எடுப்பது.

இவர்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டோ இல்லையோ, கடமை உண்டு. அதன் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் கூலரில் கண்டது

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம். டில்லி வெப்பத்துக்கு அஞ்சி நம் மாணவர் பலர் விடுதி அறைச் சன்னலில் கூலர் பொருத்தியிருக்கிறோம் அல்லவா? நானும் பொருத்தியிருந்தேன். ஒரு நாள் முற்பகலில் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் ஒரு பையுடன் நின்றார். "பேட்டா, கூலரைப் பார்க்க வேண்டும்" என்றார் இந்தியில். மறுநாள் எனக்குத் தேர்வு. "பிறகு வாருங்கள், பாயி சாகேப்" என்று கூறிக் கதவை அடைத்துவிட்டேன். அப்பொழுது நான் படித்துக்கொண்டிருந்த பாடம் எது தெரியுமா? பூச்சியினங்களின் வாழ்க்கை வட்டம்!

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து அறை நண்பர் காய்ச்சலில் விழுந்தார். திருநெல்வேலிக்காரர், நல்ல உடற்கட்டுள்ளவர். கண்களுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறிவதுபோல் வலி என்று துடித்தார். இரத்தச் சோதனை 'டெங்கு' என்றது. தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். செய்தி கேட்டு அவருடைய தாயார் இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து வந்து சேர்ந்தார். இந்தியில் ஒரு சொல்லும் அறியாத அந்த அம்மையாரை மருத்துவமனை வாயிலில் எதிர்கொண்டவன் நான். "எம் பிள்ளைக்கு இது எப்படிய்யா வந்துது?" என்று கேட்டார். கொசுவினால் என்றேன். எந்தக் கொசு, எங்கே பிறந்த கொசு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நோயாளியின் முகவரி மருத்துவமனையிலிருந்து மாநகராட்சிக்குச் சென்றது. அதே பெரியவர் மீண்டும் வந்தார். இம்முறை கதவை அகலத் திறந்தேன். அவர் கூலரின் அடித்தட்டில் விளக்கொளியைப் பாய்ச்சினார். கரண்டியால் நீரை மொண்டு ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். பதினொரு புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவேட்டில் என் அறை எண்ணை எழுதி, அதற்கு நேரே ஒரு குறியிட்டார், அவ்வளவே.

நண்பரைக் கடித்த கொசு என் கூலரில்தான் பிறந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பிறக்கவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. நண்பர் குணமடைந்துவிட்டார். ஆயினும் அந்தத் தாயாரின் கேள்வி என்னை விட்டபாடில்லை.

கரண்டியும் கணக்கும்

அந்தப் பெரியவர் செய்ததன் பின்னால் உள்ள விஞ்ஞானம் யாது?

டெங்குவைப் பரப்பும் ஏடீஸ் என்னும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. கூலர், பூந்தொட்டியின் கீழ்த்தட்டு, மொட்டைமாடியில் எறிந்த டயர், மூடியில்லாத தொட்டி ஆகியவை அதற்குப் பிரசவ விடுதிகள். முட்டைகளை நீரில் மிதக்கவிடாமல், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும். மறுபடியும் நீர் ஏறியதும் பொரிக்கும். ஆகையால் கூலரிலிருந்து நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான், கூலரைத்தான் தேய்க்கவில்லை!

முட்டை பொரித்துப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறப்பதற்கு வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒருமுறை நீரை அகற்றச் சொல்வது இதனால்தான். ஏழு நாளுக்குள் தட்டில் அழிக்க வேண்டியதை எட்டாம் நாள் காற்றில் துரத்த வேண்டிவரும்.

பயிற்சி பெற்ற ஆய்வாளர் கண்ணாலேயே பல செய்திகளை அறிந்துகொள்வார். நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் புழு, மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் இனத்தது. தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது ஏடீஸ் அல்லது கியூலெக்ஸ். விளக்கொளி பட்டதும் பாம்புபோல் வளைந்து வளைந்து அடியில் ஓடி ஒளிவது ஏடீஸின் இயல்பு. நீரைக் கொட்ட முடியாத இடத்தில் டெமிபாஸ் என்ற மருந்தை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் கலக்கிறார்கள். டில்லி மாநகராட்சியில் இதற்கென்றே 1975-ஆம் ஆண்டின் துணைவிதிகள் இருக்கின்றன. அவற்றின்படி நோட்டீசும் கொடுக்கலாம், வழக்கும் தொடரலாம்.

இனி, பதிவேட்டின் கணக்குக்கு வருவோம். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பது 'வீட்டுக் குறியீடு'. நூறு வீடுகளில் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பது 'பிரெட்டோ குறியீடு'. எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது, எங்கே நோய் கிளம்பக்கூடும் என்பதை இந்த எண்களைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு தெருவில் நூறு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வீட்டார் கதவைத் திறக்கவில்லை. எழுபதைப் பார்த்ததில் இரண்டில் புழு இருந்தது. குறியீடு ஏறக்குறைய 3. 'அபாயமில்லை' என்று பணியாளர் வேறு தெருவுக்குச் சென்றுவிடுவார். ஆனால் சாத்திக் கிடந்த முப்பதில் ஒன்பது வீடுகளில் புழு இருந்திருந்தால்? உண்மையான குறியீடு 11! கதவைச் சாத்தியவன் தன் வீட்டுப் புழுவை மட்டுமா மறைத்தான்? தெரு முழுவதன் கணக்கையும் பொய்யாக்கிவிட்டான். ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுக்கும்போது வேண்டாததை விலக்கினால் ஆசிரியர் நம் காதைத் திருகுவார். தெருவிலோ அதே குற்றத்தை நாமே செய்கிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மாலை வேளையில் புகை கக்கும் இயந்திரம் தெருவில் வந்தால் நமக்குத் திருப்தி. 'மாநகராட்சி வேலை செய்கிறது' என்கிறோம். அந்தப் புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி, தொட்டிக்குள் வளரும் புழுவைத் தொடுவதில்லை. ஓசையும் புகையுமாக வருவதை வரவேற்கிறோம். ஓசையின்றிக் கரண்டியோடு வருபவரைத் திருப்பி அனுப்புகிறோம்!

மலேரியாவின் மர்மத்தை 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் கண்டவர் ரொனால்டு ராஸ். 1902-இல் நோபல் பரிசு பெற்ற அவர், அதே ஆண்டில் வெளியிட்ட நூல் கொசு ஒழிப்புப் படைகளை அமைக்கும் முறையைப் பற்றியது. உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அதைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை அம்மேதை உணர்ந்திருந்தார்.

குழாய் நீரும் கடைப் பாலும்

கொசு ஒரு பகுதியே. குடிநீரைக் காப்பதும் இத்தொழிலைச் சார்ந்ததே. அதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி இந்த டில்லியிலேயே நடந்திருக்கிறது.

1955-ஆம் ஆண்டில் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபின், நஜப்கர் வடிகாலின் கழிவுநீர் பின்னோக்கிச் சென்று வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. அதையடுத்த குளிர்காலத்தில் ஏறக்குறைய 29,000 பேர் மஞ்சள் காமாலையுற்றனர். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. நீர் கெட்டதை அறிந்து அதிகாரிகள் குளோரினைக் கூட்டியிருந்தார்கள். அதனால் டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. வைரஸோ தப்பி வந்துவிட்டது. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை 1980-இல் ஆராய்ந்தபோதுதான், அது அன்று அறிந்திருந்த காமாலை வகைகளில் சேராதது என்பது தெளிவாயிற்று. இன்று அதனை 'ஹெபடைட்டிஸ் ஈ' என்கிறோம்.

குழாயடியில் நிற்கும் ஆய்வாளர் சிறு குப்பியில் நீரைப் பிடித்து ஒரு மாத்திரையைப் போடுகிறார். நீர் இளஞ்சிவப்பானால் குளோரின் எஞ்சியிருக்கிறது என்று பொருள். முற்காலத்தில் ஆர்த்தோடோலிடின் என்ற பொருளை ஊற்றி மஞ்சள் நிறத்தைப் பார்த்தார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாய்முனையில் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வைரஸிலிருந்து காப்பு வேண்டும்போது 0.5 இருக்க வேண்டும். நிறம் தோன்றவில்லையென்றால், வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம் என்பது எச்சரிக்கை. சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். தடுக்கக்கூடிய துன்பமோ ஓராயிரம் வீட்டினுடையது. மலக்கிருமி கலந்த நீரைக் கறுப்பாக மாற்றிக் காட்டும் மலிவான சோதனைக் குப்பியை 1982-இல் உருவாக்கியவர்கள், குவாலியரிலுள்ள நம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் என்பதும் நினைவிற்குரியது.

உணவைப் பொறுத்தவரை, 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் நகராட்சிகளின் சுகாதார ஆய்வாளர் பலர் உணவு ஆய்வாளராகவும் பணிபுரிந்தனர். 2006-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தபின், உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற தனிப் பதவி ஏற்பட்டது. கடையில் எடுக்கும் மாதிரியை அவர் நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுகிறார். ஒன்று மட்டுமே பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. மறுசோதனை வேண்டுமெனில் மற்றவை இருக்கின்றன. 14 நாள்களுக்குள் முடிவு வர வேண்டும். நுகர்வோரைக் காப்பதற்கு மட்டுமல்ல, வணிகர்மேல் வீண்பழி விழாதிருப்பதற்கும் இந்த ஏற்பாடு.

கதவு ஏன் சாத்தப்பட்டது?

வீட்டுக்குள் அரசாங்க ஆள் வருவதை மக்கள் வெறுப்பதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1897-இல் பூனாவில் பிளேக் பரவியபோது, வெள்ளை அரசு சிப்பாய்களை வீடுகளுக்குள் ஏவியது. அவர்கள் அறைகளில் புகுந்து தேடினர்; பொருள்களைக் கொளுத்தினர்; பெண்களின் மானத்தையும் மக்களின் வழிபாட்டையும் மதிக்கவில்லை என்ற குமுறல் எழுந்தது. பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-ஆம் நாள் இரவு சபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். நோயைத் தேடுவது சரிதான். ஆனால் மக்களை நோயாகவே பார்த்தால் கதவு மட்டுமல்ல, மனமும் சாத்திக்கொள்ளும் என்பது அதன் பாடம்.

மற்றொரு பாடத்தைச் சூரத் நகரம் தந்தது. 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் என்ற செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். ஐம்பது பேரளவில் மாண்டனர். 1995 மே மாதத்தில் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ். ஆர். ராவ் புதிய மருந்தெதையும் கண்டுபிடிக்கவில்லை. குளிர்பதன அறைகளில் இருந்த அதிகாரிகளை நாள்தோறும் காலையில் தெருவுக்கு அனுப்பினார்! கண்ணால் பார், இன்றே முடி என்பதே திட்டம். குப்பை மேடாகக் கிடந்த ஊர், இரண்டாண்டுக்குள் தூய்மைக்கு எடுத்துக்காட்டாயிற்று. பூனாவில் ஆயுதத்தோடு வந்தவர்கள் தோற்றார்கள். சூரத்தில் பதிவேட்டோடு வந்தவர்கள் வென்றார்கள்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இந்திய மாகாணங்களில் முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டத்தை முதன்முதல் இயற்றியது சென்னை மாகாணம்; ஆண்டு 1939. அந்த மரபில் வந்தவர்கள் டில்லிக்கு வந்ததும் கதவைச் சாத்தலாமா?

வெற்றியே பகையாகும் தொழில்

எல்லாத் தொழிலிலும் வெற்றி கண்ணுக்குத் தெரியும். கட்டடக்காரனுக்குக் கட்டடம், உழவனுக்கு விளைச்சல். சுகாதார ஆய்வாளர் வெற்றி பெற்றால் எதுவுமே நிகழ்வதில்லை. காய்ச்சல் வராத குழந்தை 'எனக்குக் காய்ச்சல் வரவில்லையே' என்று நன்றி சொல்ல வருமா? அதனால் வெற்றி பெறப்பெற அவர் தேவையற்றவராகத் தோன்றுகிறார்.

இது வெறும் கற்பனையன்று. சுதந்திரம் வந்த காலத்தில் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953-இல் தேசியத் திட்டம் தொடங்கியது. வீடு வீடாக மருந்து தெளித்தார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். 1965-இல் நோயாளிகள் ஒரு லட்சமளவுக்குக் குறைந்தனர். 'ஒழிந்தது மலேரியா!' என்று நாடு நிம்மதியடைந்தது, கண்காணிப்புத் தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகியது. 1976-இல் நோயாளிகளின் எண்ணிக்கை 64 லட்சம்! மறந்தவர்களை மலேரியா மறக்கவில்லை. டில்லியிலும் 1996-இல் டெங்கு பெருகி 10,252 பேரைப் பற்றியது. 423 பேர் இறந்தனர்.

இத்தகைய பகையை எதிர்க்கும் கடைநிலைப் படையின் நிலை என்ன? நாற்பத்தைந்து பாகை வெயிலில் மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். நாய் குரைக்கிறது; வீட்டுக்காரர் அதைவிட உரக்கக் குரைக்கிறார். டில்லியில் புழு தேடும் பணியாளர் பலர் ஆண்டுக்கணக்காக ஒப்பந்த ஊழியராகவே இருந்து, பணி நிரந்தரம் வேண்டிப் பலமுறை வேலைநிறுத்தம் செய்திருக்கின்றனர். ஆய்வாளரிடையே கடமை தவறுவோர் இல்லையென்று நான் சொல்லவில்லை. வீட்டுப் படி ஏறாமலே பதிவேட்டை நிரப்புவோரும் இருக்கக்கூடும். ஆனால், கதவைத் திறந்து 'உள்ளே வந்து பாருங்கள்' என்று அழைப்பவனுக்கே அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! அறிவுரை கூறும் தகுதியை என் கூலர் பறித்துவிட்டது. ஆகவே வேண்டுகோளாகவே சொல்கிறேன்.

ஞாயிறுதோறும் நாம் சங்கக் கூட்டத்துக்குப் புறப்படுமுன், கூலர் நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுவோம். பத்து நிமிட வேலை. தீபாவளி விடுமுறைக்கு ஊர் செல்லும் நாள்களே டெங்கு உச்சத்திலிருக்கும் நாள்கள். கூலரை உலர்த்தாமல் அறையைப் பூட்டிச் செல்லாதிருப்போம். மொட்டைமாடித் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்போம். ஆய்வாளர் வந்தால் அமரச் சொல்லி ஒரு குவளை தண்ணீர் கொடுப்போம். 'நாளை வாருங்கள்' என்ற சொல்லை மறப்போம். ஏனெனில் கொசுப்புழு நாளைக்கென்று காத்திருப்பதில்லை.

இவ்வாண்டு ஜூலையில் அந்தப் பெரியவர் மீண்டும் வந்தார். கூலர் உலர்ந்திருந்தது. விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார். விரலால் சுவரைத் தடவியும் பார்த்தார். பிறகு பதிவேட்டில் என் அறை எண்ணுக்கு நேரே ஒரு சுழியம் இட்டார். பள்ளி நாள் முதல் நான் பெற்ற மதிப்பெண்களுள் எனக்குப் பெருமை தந்தது அந்தச் சுழியம்தான். நம் சங்கத்து அன்பர் ஒவ்வொருவரும் அதனைப் பெறுவார்களாக!